தறியிலிருந்து இறங்கிய சொற்கள்

சொல்லும் உயிரும் – 7

திருத்தணி மலையை முதுகுக்குப் பின்னால் விட்டு ஆர்.கே.பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு, அம்மையார்குப்பம் கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்துவிடும். விசைத்தறி ஓடும் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமானால் குரலை ஒரு படி ஏற்றியாக வேண்டும்; மின்சாரம் நின்றால்தான் குருவிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் வளரும் பிள்ளைக்குப் பாவு, ஊடை, இழை, நாடா, விழுது, அச்சு எல்லாம் சோறு, தண்ணீர் போன்ற சொற்கள். யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பதில்லை.

அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அறிவியல் புத்தகத்தில் ‘திசு’ என்றொரு சொல்லைச் சந்திக்கிறது. ஒத்த அமைப்புள்ள செல்கள் கூடி ஒரே வேலையைச் செய்தால் அந்தக் கூட்டத்துக்குத் திசு என்று பெயர். ஆக்குத் திசு, நிலைத்த திசு, இணைப்புத் திசு, தசைத் திசு என்று பட்டியல் நீளும். பிள்ளை மனப்பாடம் செய்கிறது, எழுதுகிறது, மதிப்பெண் வாங்குகிறது. வீட்டுக்குத் திரும்பினால் வாசலிலேயே அந்தச் சொல்லின் அசல் பொருள் தறியில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறது. திசு என்றால் நெய்தது.

சென்ற இதழில் தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த விதத்தைப் பார்த்தோம். அது உயிரை வெளியிலிருந்து பார்த்த பார்வை. உயிரை உள்ளே பிரித்துப் பார்த்தவர்கள் வேறு சொற்களைத் தேடவேண்டியிருந்தது. தேடிப் போனவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் நெசவுக்காரர் வீடு.

பிரெஞ்சு மொழியில் ‘திஸ்ஸே’ என்றால் நெய்தல். ‘திஸ்ஸூ’ என்றால் நெய்த துணி. இந்தச் சொல்லை உடம்புக்குள் கொண்டுபோய் நிலைநிறுத்தியவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் சேவியர் பிஷா. 1771-இல் பிறந்தவர். ஆயுள் முப்பதே ஆண்டுகள். அந்தக் குறுகிய காலத்தில் இரவு பகல் பாராமல் பிணங்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதயம், ஈரல், குடல் என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்த காலம் அது. பிஷாவோ, ஓர் உறுப்புக்குள் பலவகை ‘துணிகள்’ இருக்கின்றன, ஒரே வகைத் துணி பல உறுப்புகளில் வருகிறது என்றார். நோய் தாக்குவதும் உறுப்பையல்ல, அந்தத் துணியையே என்றார். 1801-இல் வெளிவந்த அவருடைய நூலில் இத்தகைய திசுக்கள் மொத்தம் 21.

வேடிக்கை என்னவென்றால், இந்த மனிதர் நுண்ணோக்கியை நம்பவே இல்லை. இருட்டில் ஆளுக்கு ஒன்றைப் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஊறவைப்பது, வேகவைப்பது, உலர்த்துவது, அமிலத்தில் போடுவது, இழுத்துப் பார்ப்பது, கையால் தடவிப் பார்ப்பது, இவைதான் அவருடைய சோதனைகள். ஜவுளிக்கடையில் துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்லும் பெரியவருக்கும் பிஷாவுக்கும் முறை ஒன்றுதான். 1802-இல் அவர் இறந்தார். 1819-இல் மாயர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலார் திசுக்களைப் பற்றிய படிப்புக்கு ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார்: ‘ஹிஸ்டாலஜி’. கிரேக்கத்தில் ‘ஹிஸ்டோஸ்’ என்றால் தறி.

பிஷா ஒதுக்கிவைத்த நுண்ணோக்கிக்கும் ஜவுளிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் 1654-இல் துணிக்கடை வைத்தவர் அந்தோணி வான் லேவன்ஹுக். துணி வியாபாரிக்கு இழை எண்ணத் தெரிய வேண்டும். நம்மூரில் 120 பாவு இழையை ஒரு புஞ்சம் என்று கணக்கிட்டு, இத்தனை புஞ்சத் துணி என்று விலை பேசிய வழக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கணக்குகளிலும் உண்டு. ஹாலந்துக் கடைக்காரர்கள் அதற்கு உருப்பெருக்கும் கண்ணாடி வைத்திருந்தார்கள். துணியைப் பார்த்த கண்ணாடியை லேவன்ஹுக் மேலும் மேலும் கூர்மையாக்கி, குளத்துத் தண்ணீரைப் பார்த்தார், மிளகு ஊறிய நீரைப் பார்த்தார், தன் பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். 1670-களிலும் 80-களிலும் அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதங்களில்தான் நுண்ணுயிர்கள் முதன்முதலாக மனிதர் கண்ணுக்கு வந்தன. அவர் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்த்தவரில்லை, லத்தீன் தெரியாது, கடிதமெல்லாம் கடைக்காரப் பேச்சில் இருக்கும்.

அவருக்குச் சற்று முன், 1665-இல், லண்டனில் ராபர்ட் ஹூக் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற படநூலை வெளியிட்டிருந்தார். ‘செல்’ என்ற சொல் உயிரியலுக்கு வந்தது அந்த நூலில்தான் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அதில் ஹூக் முதலில் எதையெதைப் பார்த்தார் என்பதைச் சொல்லாது. ஊசிமுனை, சவரக்கத்தியின் விளிம்பு, அதற்கடுத்து மெல்லிய லினன் துணி, அதற்கடுத்துப் பட்டு. தக்கைத் துண்டின் முறை பதினெட்டாவதாகத்தான் வருகிறது. தக்கையில் தேனடை போலச் சின்னச் சின்ன அறைகளைக் கண்டு ‘செல்’ என்றார். ஒரு கன அங்குலத்தில் சுமார் 125 கோடி அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். அவர் கண்டது உயிருள்ள செல் அல்ல. உயிர் போனபின் எஞ்சிய சுவர்.

இந்த இடத்தில் அம்மையார்குப்பத்துத் தறியில் ஓடும் ஒரு பருத்தி இழையை எடுத்துப் புரியைப் பிரித்துப் பார்க்கலாம். பிரிக்கப் பிரிக்க மயிரைவிட மெல்லிய நார்கள் வரும். நீளம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கும். அந்த ஒவ்வொரு நாரும் ஒரு செல். பல செல்கள் சேர்ந்த கோவை அல்ல, ஒன்றே ஒன்று. பருத்தி பூத்த அன்று விதையின் மேல்தோலில் உள்ள செல்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று மேடிட்டு நீளத் தொடங்குகிறது. மூன்று வாரம் நீண்டுகொண்டே போகும். பிறகு நீட்சி நின்று, சுவரின் உட்புறம் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படியும். காய் வெடிக்கும்போது உள்ளிருந்த உயிர்ப்பொருள் காய்ந்து போகிறது. நடுவில் வெற்றுக் குழல் மிஞ்சுகிறது. உருளையாக இருந்த நார் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் ஒரு நார் இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது, பஞ்சு நூலாகிறது.

ஹூக் தக்கையில் பார்த்ததும் இதுதான்: உயிர் போனபின் நின்ற சுவர். சாதாரணத் தாவரச் செல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே பெரிது. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். பருத்திச் செல்லை விரலால் பிடித்து இழுக்கலாம். செல் என்றால் என்ன என்று ஒரு வகுப்பில் காட்ட இதைவிட மலிவான பொருள் இல்லை. பட்டு அப்படியல்ல. பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து வழிந்து உறையும் புரதம் அது. அதில் செல்லே கிடையாது. ஒரே கடையில் அக்கம்பக்கத்தில் தொங்கும் பருத்திச் சேலைக்கும் பட்டுச் சேலைக்கும் உயிரியல் கணக்கில் இவ்வளவு தூரம்.

தறிக்கு நூல் போகுமுன் சாயத் தொட்டிக்குப் போகும். உயிரியலும் போயிற்று.

செல்லுக்குள் இருப்பதெல்லாம் ஏறக்குறைய நிறமற்றவை. நல்ல நுண்ணோக்கி கிடைத்தும் பல ஆண்டுகள் ஒன்றும் பிடிபடவில்லை. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தவறிப்போய் ஊதா நிறச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டான். அனிலின் சாயங்களின் காலம் பிறந்தது. துணிக்கு என்று வந்த அந்தச் சாயங்களை ஜெர்மானியர்கள் உடம்பின் திசுக்கள்மேல் ஊற்றிப் பார்த்தார்கள். மத்திய அமெரிக்க மரமொன்றின் கட்டையிலிருந்து எடுத்த ஹீமடாக்சிலின் என்ற துணிச்சாயமும் வந்தது. அதனுடன் 1865-இல் போமர் படிகாரம் சேர்த்த பிறகு அது திசுவில் நன்றாகப் பிடித்தது. படிகாரம் போட்டால் நிறம் பிடிக்கும் என்பது சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு சிவப்பு ஏற்றியவர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழைய பாடம்.

சாயத்தை வைத்து வால்டர் ஃபிளெமிங் கண்டது பெரிது. சாலமாண்டர் என்ற வாலுள்ள நீர்நில உயிரின் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் செல்கள் பிரிவதை அவர் படிப்படியாகப் பார்த்தார். உட்கருவில் ஒரு பொருள் சாயத்தை ஆவலோடு குடித்தது. அதற்குக் ‘குரோமாட்டின்’ என்று, நிறத்தைச் சொல்லும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். பிரிவுக்கு முன் அந்தப் பொருள் நூல் நூலாகத் திரண்டது; நூல்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தன; இரு புறமும் விலகின. 1882-இல் வந்த நூலில் இந்தப் பிரிவுக்கு அவர் வைத்த பெயர் ‘மைட்டாசிஸ்’. கிரேக்கத்தில் ‘மிட்டோஸ்’ என்றால் நூல். குறிப்பாகப் பாவு நூல். 1888-இல் வால்டேயர் அந்த நூல்களுக்குக் ‘குரோமோசோம்’ என்று பெயர் சூட்டினார்: நிற உடல். 1898-இல் கார்ல் பெண்டா செல்லுக்குள் நூலாகவும் மணியாகவும் தெரிந்த உறுப்புகளுக்கு ‘மைட்டோகாண்ட்ரியா’ என்றார்: நூல்மணி. குரோமோசோம்களை இரு புறமும் இழுக்கும் நுண்குழல் கூட்டம் நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்திருந்ததால் நூற்பவர் கையில் சுழலும் கதிரின் பெயரைப் பெற்றது.

கதிர் என்றால் நெற்கதிரும் சூரியக் கதிரும் மட்டுமே இன்று நினைவுக்கு வரும். நூற்கும் கருவிக்கும் அதுவே பெயர். பவணந்தி முனிவரின் நன்னூல், நூல் செய்வதை நூல் நூற்பதற்கு ஒப்பிடுகிறது: சொல் பஞ்சு, புலவர் நூற்கும் பெண், அறிவு கதிர். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘கதிர்கோல் இழைகள்’ என்று வருமிடத்தில் அந்தப் பழைய கதிர் இன்னும் சுழல்கிறது. மற்ற இடங்களில்?

அதற்குக் கடல் தாண்ட வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவுசெய்து உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூறியலுக்கு அங்காதிபாதம், உடல் இயங்குவதைப் பற்றிய படிப்புக்குச் சுகரணம், வேதியியலுக்குக் கெமிஸ்தம். இவற்றில் ஒன்றும் இன்று பிழைத்திருக்கவில்லை. ஆனாலும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்தச் சொற்களைக் கொண்டு படித்து மருத்துவராகி ஊருக்குள் போனார்கள்; சொல் செத்தாலும் வேலை நடந்தது.

தமிழகத்தில் 1916-இல் சேலத்தில் ராஜாஜி முன்னின்று கலைச்சொற்களுக்காக ஒரு சங்கமும் இதழும் தொடங்கினார். 1930-களில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிப் பாடம் என்ற பேச்சு வலுத்தபோது தேவை அவசரமாயிற்று. இ.மு.சுப்பிரமணிய பிள்ளை செயலாளராக இருந்து உழைக்க, விபுலானந்த அடிகள் போன்றவர்கள் தலைமை தாங்க, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. ஏறக்குறைய பத்தாயிரம் சொற்கள். இரண்டே ஆண்டில் அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் வேறொரு குழு அமைத்தது. அது வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று ஒரே சண்டை. எல்லாவற்றையும் விவரித்தால் இந்தத் தொடர் இப்போதைக்கு முடியாது.

அந்தச் சண்டைகளின் நடுவே தமிழ்நாட்டு வகுப்பறைகளில் ஆங்கில ஒலியையே தமிழ் எழுத்தில் எழுதும் பழக்கம் ஊன்றிக்கொண்டது: செல், திசு, குரோமோசோம், மைட்டோகாண்ட்ரியா. இலங்கை வேறு வழியில் போனது. 1950-களில் தாய்மொழிவழிக் கல்வி வேகமெடுத்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளைக் கொண்டுவந்தது. அங்கே செல் என்பது கலம். மைட்டோகாண்ட்ரியா இழைமணி. மைட்டாசிஸ் இழையுருப்பிரிவு. திசு?

இழையம்.

பிஷாவின் துணியும் ஃபிளெமிங்கின் பாவு நூலும் பெண்டாவின் நூல்மணியும் மூன்று வெவ்வேறு சொற்களாகத் தமிழ்நாட்டுப் பிள்ளையின் காதில் விழுகின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மூன்றிலும் ஒரே இழை ஓடுவது கேட்கும். நெசவுக்குப் பேர்போன அம்மையார்குப்பத்துக்குக் கிடைக்காத இந்த வசதி கடலுக்கு அப்பால் கிடைத்தது கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம்தான்.

அதற்காக இலங்கைச் சொற்களெல்லாம் தங்கம் என்று சொல்ல முடியாது. குரோமோசோமுக்கு அவர்கள் வைத்த ‘நிறமூர்த்தம்’ ஏதோ கோயில் உற்சவரின் பெயர்போல இருக்கிறது. தமிழில் புழங்கும் இன்னொரு சொல்லான ‘நிறப்புரி’ எவ்வளவோ மேல். புரி என்றால் முறுக்கிய நூல். குரோமோசோம் முறுக்கிய நூல்தான். ‘அகமுதலுருச் சிறுவலை’ என்ற சொல்லை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் பரிசு கொடுக்கலாம். அதேபோல ‘செல்’ இங்கே வென்றதில் குற்றமில்லை, ஒரு சிறு சங்கடம் தவிர: தமிழில் செல் என்று ஏற்கெனவே ஒன்று உண்டு, கறையான். பெட்டிக்குள் மடித்துவைத்த கூறைப்புடவையைச் செல் அரித்தது என்று அழுத பாட்டியிடம், உடம்பெல்லாம் செல் என்று பேரன் வந்து சொன்னால் அவள் என்னவென்று எடுத்துக்கொள்வாள்?

அக்கம்பக்கத்து மொழிகள் என்ன செய்தன என்று பார்ப்பதும் சுவையானது. இந்தியில் திசுவை ‘ஊதக்’ என்கிறார்கள். நெய்யப்பட்டது என்று பொருள்படும் ‘ஊத’ என்ற வடசொல் அதன் வேர். அம்மையார்குப்பத்திலிருந்து எல்லையைத் தாண்டினால் ஆந்திரப் பள்ளிப் பிள்ளை தெலுங்கில் படிப்பது ‘கணஜாலம்’: செல்களாலான வலை. அவர்கள் தறியைவிட்டு வலையைப் பிடித்தார்கள். ஆனாலும் இழையை விடவில்லை. இந்த எல்லை ஒன்றும் ஆதிகாலத்துக் கோடல்ல. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணி வட்டாரமும் அங்கே போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார், விநாயகம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் தந்த தீர்ப்பும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் இந்தத் தெருப் பிள்ளைகளில் பலர் திசுவுக்குப் பதில் கணஜாலத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

சொல் போன வழியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜரிகையை ஊடையாகக் கொடுத்து நெய்த பளபளப்பான சேலையை ஜவுளிக்கடையில் ‘டிஷ்யூ சேலை’ என்கிறார்கள். முகம் துடைக்கும் காகிதமும் டிஷ்யூ. பிரான்சு நாட்டுத் தறியிலிருந்து இறங்கிய ஒரே சொல் ஆங்கிலத்தின் வழியே இரண்டாகப் பிரிந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது: ஒன்று கடையில் டிஷ்யூ, இன்னொன்று பள்ளியில் திசு. தறிக்காரர் வீட்டில் அண்ணன் டிஷ்யூ சேலையைப் பற்றி வியாபாரம் பேசிக்கொண்டிருக்க, தம்பி திண்ணையில் உட்கார்ந்து திசுவின் வகைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தால், இருவரும் சொல்வது ஒரே சொல் என்று இருவருக்குமே தெரியாது.

தறி ஏறுமுன் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். அரிசிக் கஞ்சியோ கிழங்கு மாவோ, இழையின்மேல் படிந்து உலர்ந்தால் விறைப்பு வரும். அச்சில் உராய்ந்து அறுந்துபோகாது. கஞ்சி ஏன் பருத்தியில் அவ்வளவு நன்றாக ஒட்டுகிறது? இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள். பருத்தியின் செல்லுலோஸிலும் கஞ்சியின் மாவுச்சத்திலும் கண்ணிகள் ஒன்றே. கண்ணியைக் கண்ணியோடு பூட்டியிருக்கும் விதம்தான் வேறு. பருத்திச் சுவர்ப் பொருளுக்குச் ‘செல்லுலோஸ்’ என்ற அடையாளத்தைத் தந்தவர் பிரெஞ்சு வேதியியலார் அன்செல்ம் பாயென், ஆண்டு 1838. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக அவரும் பெர்சோவும் முளைவிட்ட பார்லியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள். மாவுச்சத்தின் பூட்டை அது நொடியில் அவிழ்க்கும். செல்லுலோஸின் பூட்டைத் தொடாது. அதனால்தான் ஆலைகளில் அந்த வகைப் பொருளைக் கொண்டு நெய்த துணியிலிருந்து கஞ்சியை நீக்க முடிகிறது: கஞ்சி கரைந்து போகும், துணிக்கு ஒன்றும் ஆகாது.

பாயென் அதற்கு ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டார். நாம் வாயில் போட்ட சோற்றை மெல்ல மெல்ல அது இனிக்கத் தொடங்குவதற்குக் காரணமும் எச்சிலில் உள்ள இதன் உறவுக்காரப் பொருள்தான். இந்தக் குடும்பம் முழுவதற்கும் ‘என்சைம்’ என்று பெயர் வர 1877 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ் அதற்கு ‘நொதி’ என்று பெயர் வைத்தது. அந்தச் சொல் மாவு புளிக்கும் பானையிலிருந்து எழுந்து வந்த கதை அடுத்த இதழில்.